புகைப்பதை நிறுத்த நினைக்கும்போது உள்ளே கிளம்பும் மறுப்பு: முதல்முறை முயல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிகரெட்டை நிறுத்த நினைப்பவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. பாக்கெட்டின் மேலேயே நோயின் படம் அச்சாகியிருக்கிறது; வீட்டில் யாராவது ஒருவர் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இவ்வளவும் தெரிந்தவர்தான், நாளை முதல் தொடுவதில்லை என்று முடிவு செய்த அன்று மாலையே, 'இந்த மாத ஆடிட் முடியட்டும்' என்றோ 'தங்கை கல்யாணம் தாண்டட்டும்' என்றோ தனக்குள் ஒரு குரல் எழுவதைக் கேட்கிறார். அந்தக் குரலை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மன உறுதி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் திடீரென நிறுத்துபவர்களில் ஓராண்டு வரை நிற்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள் என்னும்போது, மீதித் தொண்ணூற்றைந்து பேருக்கும் உறுதியே கிடையாது என்று சொல்வது நியாயமாகப் படவில்லை.

பலமுறை விட்டு, பலமுறை திரும்பி, ஒருவழியாக நிறுத்திய பிறகு எழுதும் குறிப்பு இது. உள்ளே எழும் மறுப்பை மிரட்டி அடக்கப் பார்ப்பதைவிட, அது எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சுகிறது எனக் கேட்டறிந்து, அந்தத் தேவைக்கு வேறொரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு, அதன் பிறகு தேதி குறிப்பதுதான் நிலைக்கிறது என்பது என் முடிவு. தயாரிப்புக்கு இரண்டு மூன்று வாரம், நிறுத்திய பின் பன்னிரண்டு வாரம் என்று காலத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். சிகரெட், பீடி இரண்டுக்கும் இது பொருந்தும். கருவுற்றிருப்பவர்களும், இதய நோய் அல்லது வலிப்பு உள்ளவர்களும், மனநல மருந்து எடுப்பவர்களும் மூன்றாம் படியிலுள்ள மருத்துவர் சந்திப்பை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றுக்கு வர வேண்டும்.

1. உங்கள் மறுப்பை அதனிடமே எழுதி வாங்குங்கள்

சட்டைப் பையில் அடங்கும் சிறிய நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் 'நான் ஏன் விடக் கூடாது' என்று தலைப்பிடுங்கள். ஏன் விட வேண்டும் என்ற பட்டியல் இப்போது வேண்டாம். அது ஏற்கெனவே மனப்பாடம். யாராவது நம்மை ஒரு பக்கம் தள்ளினால் நாம் எதிர்ப்பக்கம் வாதாடத் தொடங்கிவிடுகிறோம். நம்மை நாமே தள்ளும்போதும் அப்படித்தான் நடக்கிறது. வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் வகுத்த ஆலோசனை முறை இந்த இயல்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான். அந்த முறையில் ஆலோசகர் வற்புறுத்த மாட்டார். மாறுவதற்கான காரணம் உங்கள் வாயிலிருந்தே வரும்வரை கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். நமக்கு நாமே அந்த ஆலோசகராக இருப்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

நாகரிகம் பார்க்காமல் எழுதுங்கள். பெரும்பாலான ஆண்களின் பட்டியலில் வரும் முதல் காரணமே வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஒன்று: காலையில் ஒரு சிகரெட் பிடித்தால்தான் வயிறு போகும் என்பது. அதன் பிறகு டென்ஷன் குறைகிறது, டீக்கடையில் நண்பர்களோடு நிற்கும் பத்து நிமிடம் போய்விடும், உடம்பு போட்டுவிடும், எனக்கென்று இருக்கும் ஒரே சுகம் இது, பெரியப்பா எண்பது வயது வரை பீடி குடித்தார், விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால் வீட்டில் மானம் போகும் என்று வரிசையாக வரும். இரண்டு நாள் நோட்டைத் திறந்தே வைத்திருங்கள். முதல் நாள் தோன்றாத காரணம் இரண்டாம் நாள் தோன்றும்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதில் உண்மை எவ்வளவு, மாற்று ஏற்பாடு என்ன என்று எழுத வேண்டும். மறுப்பு என்பது பழைய கணக்குப்பிள்ளையைப் போன்றது. மாற்றுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது என்று காட்டாமல் எந்தச் செலவுச் சீட்டிலும் கையெழுத்துப் போடாது.

வயிறு பற்றிய காரணம் பொய்யல்ல. புகையிலையில் உள்ள, நம்மை அடிமைப்படுத்தும் பொருளான நிகோட்டின் குடலை முடுக்கிவிடுகிறது. நிறுத்தியதும் சில வாரங்களுக்கு மலச்சிக்கல் வருவது வழக்கம். அதற்கு முந்தைய இரவே பழம், காலையில் எழுந்ததும் வெந்நீர், அவசரமில்லாத ஒரு நிலையான நேரம் ஆகியவற்றை ஏற்பாடு செய்ய வேண்டும். இவற்றைச் சிகரெட்டை விடுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிட்டால், முதல் காலையே தோற்றுப்போகும் நிலை வராது. மூன்று நாளைக்கு மேல் அடைத்தால் மருத்துவரைக் கேட்டு மலமிளக்கி எடுத்துக்கொள்ளலாம்.

டென்ஷன் குறைகிறது என்பது பாதி உண்மை. நிகோட்டின் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அப்போது எழும் எரிச்சலும் பதற்றமும் அடுத்த சிகரெட்டால் தணிகின்றன. அந்தத் தணிவை, வேலையால் வந்த டென்ஷன் குறைந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். நிறுத்திச் சில வாரங்கள் கடந்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைகின்றன என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் முதல் இரண்டு வாரம் டென்ஷன் கூடத்தான் செய்யும் என்பதையும் எதிரே எழுதிக்கொள்ளுங்கள்; நல்லதை மட்டும் எழுதினால் நான்காம் நாள் உங்கள் நோட்டையே நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

உடம்பு போடும் என்பதும் உண்மை. சராசரியாக நான்கைந்து கிலோ கூடுகிறது. பசி திரும்புவதும், சிகரெட் பிடித்த கை பஜ்ஜியைத் தேடுவதும் காரணம். இதற்காக அதே மாதத்தில் உணவுக் கட்டுப்பாட்டையும் தொடங்குவது பொதுவான பொறி. ஒரே நேரத்தில் இரண்டு இழப்புகளை உடம்பிடம் கேட்டால், அது பழையதைத்தான் திருப்பிக் கேட்கும். மாலையில் அரை மணி நேர நடை போதும். எடையை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியப்பாவைப் பற்றி வாதாடுவதில் பயனில்லை. அவர் பக்கத்திலேயே ஐம்பத்தைந்து வயதில் போனவர்களின் பெயர்களையும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். 'நாளைக்கு மூன்றுதானே பிடிக்கிறேன்' என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவரின் கூடுதல் மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. குறைத்துக்கொண்டேன் என்ற நிம்மதி இதயத்துக்குப் பொருந்தாது.

டீக்கடை நண்பர்கள் என்ற வரிதான் பட்டியலிலேயே கனமானது. அதற்கு ஆறாம் படியில் வருகிறேன்.

2. ஒரு வாரக் கணக்கு

அடுத்த ஏழு நாள், ஒவ்வொரு சிகரெட்டைப் பற்ற வைப்பதற்கும் முன்பு நோட்டில் நேரம், இடம், கூட இருந்தவர், எவ்வளவு தேவைப்பட்டது (1 முதல் 5 வரை) என்று குறியுங்கள். பிடித்த பிறகு எழுதினால் தேவை எல்லாமே சின்னதாகத் தெரியும். இந்த வாரம் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். கணக்கு எழுதத் தொடங்கியதும் பலர் பெருமைக்காகக் குறைத்துக் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் மருந்தின் அளவு தவறாகிவிடும்.

இந்தக் கணக்கில் மருத்துவர் முதலில் பார்ப்பது, எழுந்த எத்தனையாவது நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதைத்தான். 30 நிமிடத்துக்குள் என்றால் உடம்பின் பிடிப்பு வலுவானது. 5 நிமிடத்துக்குள் என்றால் மிக வலுவானது. வார இறுதியில் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் 'உடம்பு' அல்லது 'பழக்கம்' என்று எழுதுங்கள். தேவை 4 அல்லது 5 என்று குறித்தவையும், தனியாக இருக்கும்போது குறிப்பிட்ட இடைவெளியில் வருபவையும் பெரும்பாலும் உடம்பு கேட்பவை. தேவை 1 அல்லது 2 என்று இருந்தும், கைபேசியில் பேசும்போதும் சாப்பிட்டு எழுந்ததும் எவரோ நீட்டியதும் பிடித்தவை பழக்கம். இந்தப் பிரிப்பு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. உடம்பின் கேட்புக்கு மருந்து வேண்டும்; அங்கே மன உறுதியைக் கொண்டு போராடுவது வீண். பழக்கத்துக்கு மருந்து உதவாது. அங்கே இடத்தையும் வரிசையையும் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான், 'எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், என்னால் முடியாது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

3. மருத்துவர், ஆவணங்கள்

கணக்கு முடிந்ததும் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சகப் பிரிவு அல்லது மனநலப் பிரிவில் கேட்கலாம். பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிலும் புகையிலை நிறுத்த மையம் உண்டு. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 2002 முதல் இத்தகைய மையத்தை நடத்தி வருகிறது. அரசு மருத்துவமனை என்றால் ஓ.பி. சீட்டு வாங்கக் காலையிலேயே போய்விட வேண்டும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

கையில் கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அட்டை, முந்தைய மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, தற்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், அந்த ஒரு வாரக் கணக்குப் பக்கம். மாத்திரைப் பட்டியலைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். சிகரெட் புகை, கல்லீரலில் சில மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகை நின்றதும் நொதியின் வேகம் குறைந்து, அதே அளவு மாத்திரை இரத்தத்தில் அதிகமாகத் தங்கும். ஆஸ்துமாவுக்கான தியோபிலின், மனநலச் சிகிச்சையில் தரப்படும் க்ளோசபின், ஒலான்சபின் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. இன்சுலின், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் அளவை மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம். நீங்களாகக் குறைக்காதீர்கள், புகைப்பதை நிறுத்தப்போகும் தேதியை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

புகையில்லாமல் சிறிதளவு நிகோட்டினைத் தந்து தவிப்பைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. எழுந்த 30 நிமிடத்துக்குள் புகைப்பவர்களுக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு. 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் தருகிறது என்பதால் அதையும் கேட்டுப் பாருங்கள். புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வரெனிக்லின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகளை மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். புகைப்பதை நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே இவற்றைத் தொடங்க வேண்டும் என்பதால், சந்திப்பைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். வரெனிக்லினால் குமட்டலும் தெளிவான கனவுகளும் வரலாம். சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. மின்சிகரெட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், இந்தியாவில் அதன் விற்பனை 2019 சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கடந்துவிடுங்கள்.

மருத்துவரிடம் உடனே போக முடியாதவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும் தேசிய உதவி எண் அது. ஆலோசகர் உங்களோடு பேசித் தேதி குறிக்க உதவுவார். பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். நிறுத்தும்போது மனச்சோர்வு கடுமையாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இரவும் பகலும் இயங்குகிறது; தமிழில் பேசலாம்.

4. செலவு

இந்த இடத்தில் மறுப்பு எழுப்பும் வாதம் வேடிக்கையானது: 'மருந்துக்கு இவ்வளவு செலவா?' கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிகரெட் ஒன்று 15 ரூபாய் என்று வைத்தால், நாளைக்குப் பத்து பிடிப்பவருக்கு 150 ரூபாய், ஆண்டுக்கு 54,750 ரூபாய். சூயிங்கம் ஒரு துண்டு ஏறக்குறைய 10 ரூபாய் என்று கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் சூயிங்கம் அட்டையின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். முதல் ஆறு வாரம் நாளைக்குப் பத்து, அடுத்த மூன்று வாரம் ஐந்து, கடைசி மூன்று வாரம் மூன்று என்று போனால் மொத்தம் 588 துண்டு, 5,880 ரூபாய். அதே பன்னிரண்டு வாரத்தில் சிகரெட்டுக்குப் போயிருக்கக்கூடியது 12,600 ரூபாய்.

வித்தியாசம் நமக்கு உறைக்காததற்குக் காரணம், சிகரெட்டை ஒன்றிரண்டாக வாங்குவதும் மருந்தை அட்டையாக வாங்குவதும்தான். அதனால் முதல் இரண்டு வாரத்துக்கான சூயிங்கத்தை மொத்தமாக வாங்கி வைத்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டால் மனம் அதைக் கவனிக்காது. முதல் மாதத்தில் எதையாவது வாங்கி அனுபவித்துவிடுவதே நல்லது. 'எனக்கென்று இருக்கும் ஒரே சுகம்' என்று எழுதினீர்கள் அல்லவா, அந்த வரிக்கான ஒதுக்கீடு இது.

5. இரண்டு எண்களைக் கேட்டுவிட்டுத் தேதி குறிப்பது

பூஜ்யத்திலிருந்து பத்து வரையில், நிறுத்துவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு? இரண்டையும் எழுதுங்கள். முக்கியம் 6 என்று எழுதினால், ஏன் 10 இல்லை என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி மறுப்பின் கையில் மைக்கைக் கொடுத்துவிடும். ஏன் 3 இல்லை என்று கேளுங்கள். வரும் பதில்தான் உங்களுடைய உண்மையான காரணம். பெரும்பாலும் அதில் புற்றுநோய் இருக்காது. மகளைத் தூக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வது, மூன்றாம் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது, மேலாளர் அறைக்குப் போகும் முன் புதினா மிட்டாய் தேடுவது என்று சின்னதாகவும் சொந்தமாகவும் இருக்கும். அதை நோட்டின் உள் அட்டையில் எழுதிவையுங்கள்.

நம்பிக்கை எண் 5-க்குக் கீழே என்றால் தேதியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஏற்பாடு போதவில்லை என்று பொருள். எதைச் சேர்த்தால் அந்த எண் ஒரு படி ஏறும் என்று கேட்டு அதைச் சேருங்கள். முக்கியம் என்ற எண்ணே 5-க்குக் கீழே என்றால், முதல் படிக்குத் திரும்புவதே நேர்மை. வீட்டாரின் நச்சரிப்புக்காகத் தேதி குறித்தவர்கள் வீட்டார் ஊருக்குப் போன வாரமே திரும்பிவிடுகிறார்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஒரு பாக்கெட் பிடித்தவர், மாலை போட்ட அன்றிலிருந்து 41 நாள் தொடாமல் இருக்கிறார். மலை இறங்கி மாலையைக் கழற்றியதும் பற்ற வைக்கிறார். அந்த 41 நாளும் அவருக்குள் மறுப்பு பெரிதாக எழவில்லை. கறுப்பு வேட்டியைப் பார்த்தவுடன் யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. எல்லாரும் 'சாமி' என்று அழைக்கிறார்கள். காலையில் சிகரெட் இருந்த இடத்தில் குளியலும் பூசையும் வந்துவிட்டன. முடிவில் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் மறுப்புக்குத் தரப்பட்டிருக்கிறது. அந்தக் கடைசி ஒன்றுதான் பொறி. நிகோட்டினின் உடல் தவிப்பு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும் என்பதால், 41 நாள் முடித்தவர் உடலளவில் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டவர். இந்த ஆண்டு மாலை போடுகிறவராக இருந்தால், கழற்றும் நாளுக்கான ஏற்பாட்டை (யாரோடு இருப்பீர்கள், மறுநாள் காலை என்ன செய்வீர்கள்) மாலை போடும் முன்பே எழுதிவிடுங்கள்.

தேதியை இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் குறியுங்கள். திங்கட்கிழமை வேலைச் சுமை அதிகம் என்றால் வெள்ளிக்கிழமை நல்லது. கடினமான மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும். பிறந்தநாள், புத்தாண்டு, தீபாவளி வேண்டாம்; அன்றெல்லாம் நீட்டுவதற்கு ஆள் அதிகம்.

6. இடத்தையும் ஆளையும் முன்கூட்டியே சரிசெய்தல்

தேதிக்கு முந்தைய இரவு, லைட்டர், சாம்பல் கிண்ணம், வண்டிப் பெட்டியில் மறந்துகிடக்கும் பாக்கெட், பழைய பேன்ட் பையில் இருக்கும் ஒற்றைச் சிகரெட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 'அவசரத்துக்கு ஒன்று' என்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமாக வாங்கும் பெட்டிக்கடைக்காரரிடம் பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். பாக்கி கொடுக்கப் போய் வாங்கிவந்தவர்கள் உண்டு.

பழக்கத்துக்கான ஏற்பாடு, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் இருக்க வேண்டும். பொதுவாகக் 'கட்டுப்பாடாக இருப்பேன்' என்று எழுதியவர்களைவிட, நேரத்தையும் செயலையும் கட்டிப்போட்டு எழுதியவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது கூடுதல் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதியச் சாப்பாடு முடிந்தால் கை கழுவும் இடத்திலேயே பல் துலக்குவேன். போன் வந்தால் வாசலுக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தே பேசுவேன். வண்டியை நிறுத்தினால் ஹெல்மெட்டைக் கழற்றும் முன் சூயிங்கத்தை வாயில் போடுவேன் என்ற அளவுக்குக் குறிப்பாக எழுதுங்கள். உங்கள் கணக்குப் பக்கத்தில் அதிகம் வந்த ஐந்து இடங்களுக்கு மட்டும் எழுதினால் போதும்.

இனி டீக்கடை. அலுவலகத்தில் பதினொரு மணிக்கு 'மச்சி, கீழ போலாமா?' என்று கேட்கும் நண்பனை இழக்க உங்கள் மனம் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் மட்டும் விலகியிருங்கள். தேதிக்கு முன்பே, கூட்டமாக இல்லாமல் நெருங்கிய ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள்: 'மச்சி, வெள்ளிக்கிழமையிலிருந்து விடுறேன். ரெண்டு வாரம் கீழ வர மாட்டேன், தப்பா எடுத்துக்காதே. நான் கேட்டாலும் கொடுக்காதே.' கூட்டத்தில் அறிவித்தால் பந்தயம் கட்டிவிடுவார்கள். பந்தயத்தில் தோற்பது என்ற இன்னொரு அச்சம் மறுப்போடு சேர்ந்துகொள்ளும். மூன்றாம் வாரம் முதல் போகலாம், ஆனால் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு கடையின் மறுபக்கம் நில்லுங்கள். பெண்களுக்கு இந்தப் படி வேறு மாதிரி இருக்கும்: அவர்களில் பலர் மறைத்தே புகைப்பதால், உதவி கேட்பதே ரகசியத்தை உடைப்பதாகிவிடும். அவர்களுக்கு முகம் தெரியாத ஆலோசகர் பேசும் அந்த உதவி எண் தோழியைவிடப் பயன்படும்.

வீட்டாரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: பத்து நாள் எரிந்து விழுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், சட்டையை முகர்ந்து பார்க்காதீர்கள்.

7. முதல் மூன்று நாள், முதல் மூன்று வாரம்

தவிப்பு சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். எரிச்சல், கவனம் சிதறல், தூக்கமின்மை, பசி, வாய்ப்புண், கூடுதல் இருமல் எல்லாம் வரலாம். ஒவ்வொரு அலையும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்குத் தண்ணீர், படிக்கட்டு, முகம் கழுவுதல் என்று ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுவிடுவதுதான் இங்கே பெரிய பொறி. அப்படி மென்றால் நிகோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று மறுப்பு உடனே தீர்ப்பு எழுதிவிடும். காரமான விறுவிறுப்புத் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்து, விறுவிறுப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, பழச்சாறு குடித்தால் மருந்து உறிஞ்சப்படாது. தவிப்பு வந்த பிறகு போடுவதைவிட, முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று முன்கூட்டியே போடுவது மேல். ஒரு நாளில் 24-ஐத் தாண்டக் கூடாது.

காபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அதே நொதிதான் காபியில் உள்ள கஃபீனையும் சிதைக்கிறது. புகை நின்றதும், வழக்கமாகக் குடிக்கும் நான்கு டம்ளர் காபி இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் சிகரெட்டை விட்டதால் என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் டபரா செட்டில் இருக்கிறது. தேதியிலிருந்து காபியையும் டீயையும் பாதியாக்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வேண்டாம்.

நாட்கள் கூடக்கூட மறுப்பின் பேச்சு மாறும். முதல் வாரம் அது கெஞ்சும். மூன்றாம் வாரம் மிகவும் நியாயமாகப் பேசும்: 'இத்தனை நாள் இருந்துவிட்டாய், உன்னால் முடியும் என்று நிரூபித்துவிட்டாய், இனி எப்போது வேண்டுமானாலும் விடலாம், இன்று ஒன்று பிடி.' என் அனுபவத்தில் கெஞ்சலைவிட இந்தப் பாராட்டுதான் ஆபத்தானது. இந்த வாக்கியத்தை நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அது வரும்போது அடையாளம் தெரியும். புகைப்பது போலக் கனவு வருவதும் இந்த நாட்களில் இயல்பு. எழுந்ததும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

8. நழுவிவிட்டால்

முதல் மாதம் மதுவைத் தவிருங்கள்; நழுவுதலுக்கு அதைவிட வேகமான பாதை இல்லை. கல்யாண வீட்டு மொட்டை மாடியும் துக்க வீட்டு வாசலும் அடுத்தவை. துக்க வீட்டில் ஆண்கள் வெளியே நின்று புகைக்கும் கூட்டத்தில்தான் நமக்கும் நாற்காலி போடுவார்கள். உள்ளே ஏதாவது வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது பிழைக்கும் வழி.

அப்படியும் ஒன்று பிடித்துவிட்டால், அதை ஒன்றும் இல்லை என்று தள்ளவும் கூடாது, எல்லாம் போயிற்று என்று பாக்கெட் வாங்கவும் கூடாது. முதல் இரண்டு வாரத்தில் ஓர் இழுப்பு இழுத்தவர்கள்கூடப் பெரும்பாலும் முழுமையாகத் திரும்பிவிடுகிறார்கள் என்பதால், அந்த மணி நேரமே செயல்பட வேண்டும். கையில் மீதம் இருப்பதைத் தண்ணீரில் போடுங்கள். நேரம், இடம், ஆள், அதற்கு முன் நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள். உதவி எண்ணை அழையுங்கள். மருந்தை நிறுத்தாமல் தொடருங்கள். அந்த இடத்துக்கு 'இது நடந்தால் இதைச் செய்வேன்' வரி எழுதப்படவில்லை என்பது பெரும்பாலும் அப்போது தெரியவரும். அதை அன்றே சேருங்கள்.

9. பன்னிரண்டாம் வாரத்தில்

சூயிங்கத்தை ஏழாம் வாரத்திலிருந்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, பத்தாம் வாரத்திலிருந்து நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று குறைத்துப் பன்னிரண்டில் நிறுத்துவது வழக்கமான அட்டவணை. நன்றாக இருக்கிறது என்று நான்காம் வாரத்திலேயே மருந்தை விட்டுவிடாதீர்கள். வேறு நோய்களுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அளவைச் சரிபார்க்க இன்னொரு முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முழுமையாகத் திரும்பிவிட்டவர்கள் அடுத்த தேதியை ஆறு மாதம் தள்ளாமல் சில வாரங்களுக்குள் குறிப்பது நல்லது. உடம்பு அதற்குள் எல்லாவற்றையும் மறந்துவிடாது. மருத்துவரிடம் மறுபடி போகும்போது நோட்டையும் மீதமுள்ள மருந்து அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த வாரத்தில், எந்த நேரத்தில், உடம்பு கேட்டு நழுவியதா பழக்கத்தால் நழுவியதா என்று பார்த்துத்தான், மருந்தை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா, ஆலோசனையை நீட்டிப்பதா என்று அவர் முடிவு செய்வார்.